கொல்லனின் முறை

கம்ப்யூட்டரில் ஆடும் அந்த ஆட்டத்தில் எல்லாரும் அவளைக் கதைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அதைப் பார்த்து வீட்டில் புருஷனும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டான். ஆனால் அவன் கூப்பிடுகிற தொனியே வேறு. "கதைக்காரி, டீ உண்டா, இல்ல அதையும் எழுதித்தான் காட்டுவியா?" என்பான். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். நாள் முழுக்க மாடிக்கும் தரைக்கும் நடுவில் தொங்குகிற மனுஷனுக்கு அவ்வளவு நக்கல் கூட இல்லாவிட்டால் எப்படி.

வாரத்தில் ஆறு நாள் அவளுக்கு ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை. முன்பக்கம் குளிர் அறை, விளக்கு, சிரிப்பு எல்லாம். பின்பக்கம் ஜன்னலே இல்லாத அறையில் அவளும் ஒரு மெஷினும். ஃபிரேமுக்குத் தகுந்தபடி லென்ஸை வெட்டி, ஓரத்தைத் தீட்டி, கழுவித் துடைத்துப் பொருத்திக் கொடுப்பாள். வெள்ளைப் பவுடர் நகக்கண் வரைக்கும் ஏறிக் கிடக்கும். ஏழாவது நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தாள் என்றால் ஐந்து மணி வரை ஒரு உலகத்தையே நடத்துவாள்.

படம் கிடையாது, பாட்டு கிடையாது. எல்லாம் எழுத்து. "எதிரே ஆறு. பாலம் பாதி அறுந்திருக்கிறது" என்று அவள் எழுதுவாள். எங்கெங்கோ உட்கார்ந்திருக்கும் நாலு பேர், தங்கள் ஆள் அங்கே என்ன செய்கிறான் என்று பதிலுக்கு எழுதுவார்கள். அந்த ஆட்டத்தை ஆரம்பித்து வைத்தவர்கள் யார், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஊரும் காடும் பகடையும் மட்டும் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பயணங்களை நடத்துவதெல்லாம் ஆட்டக்காரர்களில் பழந்தின்று கொட்டை போட்டவர்கள்தான். அவள் ஒன்பது வருஷமாக நடத்துகிறாள்.

சட்டங்கள் கொஞ்சம்தான், ஆனால் கறாரானவை. கதைக்காரி காட்டை வைக்கலாம், கிணற்றை வைக்கலாம், பேயை விடலாம். எந்தப் பக்கம் போவது, யாரோடு மோதுவது, யாரைக் காப்பாற்றுவது என்பதெல்லாம் ஆடுகிறவர்கள் இஷ்டம். அதில் அவள் மூக்கை நுழைக்க முடியாது. இருபது வரை விழுகிற பகடை எல்லார் கண்முன்னால்தான் உருளும்; எண் பெரிதாக விழுந்தால் நினைத்தது நடக்கும். வரிசையில் முதலில் நடக்கிறவர் முதலில் எழுதுவார், கடைசியில் நடக்கிறவர் கடைசியில். ஒருவர் எழுதும்போது இன்னொருவர் குறுக்கே பேசக் கூடாது. எவ்வளவு நேரம் எடுத்தாலும் காத்திருக்க வேண்டும். இது எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு: ஒரு ஆள் சாக வேண்டும் என்றால், அந்த ஆளை ஆடுகிறவரே, தன் முறை வரும்போது, தன் கையால் அந்தக் கடைசி வரியை எழுத வேண்டும். வேறு யாரும் எழுதவும் முடியாது, கொல்லவும் முடியாது.

கேட்க நல்ல சட்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதனால் ஒரு கண்ணராவி நடந்திருந்தது. ஆட்டத்தின் சந்தைக்குள் நுழைந்தால், "ஒரு நெசவாளி இங்கே நிற்கிறாள். ஒரு படகோட்டி இங்கே நிற்கிறான். ஒரு காவலன் இங்கே நிற்கிறான்" என்று திரை வரிசையாகச் சொல்லும். அவர்களை ஆடியவர்கள் என்றைக்கோ வராமல் போய்விட்டார்கள். அலுத்துப் போனவர்கள் பாதி, நிஜமாகவே செத்துப் போனவர்கள் பாதி. கடைசி வரி எழுதாததால் அவர்களுடைய ஆட்கள் மட்டும் அப்படியே நிற்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் விவரம் தெரியாமல் அவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பார்கள்.

அவளோடு நடப்பவர்கள் நாலு பேர். வரிசையில் முதல் ஆள் வேடன், நிஜத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அடுத்தது திருடி. பூட்டு என்று எது கண்ணில் பட்டாலும் உடைத்துவிடுகிற அந்தத் திருடியை ஆடுவது ஒரு பாங்க் ஆபீசரம்மா என்பதில் எல்லாருக்கும் எப்போதும் ஒரு சிரிப்பு. மூன்றாவது வைத்தியர், ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். தங்கமான மனுஷன், ஆனால் ஒற்றை விரலால் தட்டுகிறவர். அவர் முறை வந்தால் எழுந்து போய்த் துணியைக் காயப்போட்டுவிட்டே வரலாம். கடைசியில், பின்னால் வருகிற ஆபத்துக்குக் காவலாக, கொல்லன்.

கொல்லனை ஆடுகிறவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வெல்டர். அறுபத்து மூன்று வயது. மனைவி இல்லை, ஒரே மகளோடு இருக்கிறார். ஆறு வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட வராமல் இருந்ததில்லை. அவர் ஒரு நாள் கதைக்காரிக்கு மட்டும் தனியாக எழுதினார்.

"அம்மா, நுரையீரல்ல வந்திருக்கு. முத்திப்போச்சாம். டாக்டர் ஆறு வாரம்னார். டாக்டர்ங்க கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாங்க. அதனால எனக்கு ஒரு உதவி பண்ணணும். என் கொல்லனைச் சாகடிக்கணும்."

அவள் பின்னறையில் டீ குடித்துக்கொண்டே இதைப் படித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, என்ன அண்ணா இப்படிச் சொல்றீங்க" என்று எழுதினாள்.

"அழாதீங்கம்மா, டைப் அடிக்க வராது. நான் போனப்புறம் அவன் அந்தச் சந்தையில நட்டுவச்ச கம்பு மாதிரி நிக்கக் கூடாது. வர்றவன் போறவன் எல்லாம் வணக்கம் சொல்லிட்டு, 'திமிர் பிடிச்சவன், பதில் பேசமாட்டேங்கிறான்'னு திட்டிட்டுப் போவான். நல்ல சாவா ஒண்ணு வேணும். ஏதாவது ஒரு காரியத்துக்காக, நம்ம ஆளுங்க பக்கத்துல இருக்கும்போது."

"நீங்களே இப்பவே எழுதலாமே அண்ணா. ஒரு பாறையிலேருந்து விழுந்தான்னு."

"யாரும் இல்லாம தனியாக் கிடந்து சாகறதுக்கு எனக்கு வேற இடம் இருக்கும்மா. இதுலயாவது ஒழுங்கா நடக்கட்டும்."

கடைசியாக ஒன்று கேட்டார். மற்ற மூவருக்கும் சொல்லக் கூடாது. பரிதாபப்பட்டு ஆடுகிற ஆட்டம் அவருக்கு வேண்டாம். அவள் சத்தியம் பண்ணிக் கொடுத்தாள். அவசரம் என்றால் கூப்பிட மகளுடைய நம்பரை வாங்கிக்கொண்டு, தன்னுடையதையும் கொடுத்தாள்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து பயணத்தை அமைத்தாள். வடக்கு மலையில் ஒரு வாசல். திறந்தே கிடக்கிறது, அதன் வழியாக ஊருக்குள் ஒரு கொள்ளை நோய் வந்துகொண்டிருக்கிறது. அந்தக் கதவை உள்ளேயிருந்துதான் சாத்த முடியும். யாராவது ஒருவர் உள்ளே தங்க வேண்டும். வழியிலும் ஆபத்துக்குக் குறைவில்லாமல் வைத்தாள். அவருக்கு உடம்பு முன்னாலேயே முடியாமல் போய்விட்டால், வாசல் வரை காத்திருக்க வேண்டாமே என்ற கணக்கு.

முதல் ஞாயிறு பாலம். கயிறு அறுந்தது. "நீங்க ஓடுங்க, நான் பிடிச்சுக்கறேன்" என்று எழுதினார் கொல்லன். அருமையான இடம். அடுத்த சுற்றில் அவர் முறை வந்தால் கையை விட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அதற்கு முன்னால் மற்ற மூவரும் எழுத வேண்டுமே. வேடன் அம்பில் கயிற்றைக் கட்டி அக்கரை மரத்துக்கு விட்டார். பகடையைப் போட்டால் பாழாய்ப்போன பகடை பதினெட்டு விழுந்தது. கொல்லன் பிழைத்தார்.

"எங்க ஆளை விட்டுட்டுப் போறதாவது!" என்று எழுதினாள் திருடி.

இரண்டாவது ஞாயிறு விஷக் கிணறு. கொல்லன் முதல் ஆளாகப் போய்த் தண்ணீரைக் குடித்து வைத்தார். வைத்தியர் இருபது நிமிஷம் ஒற்றை விரலால் தட்டித் தட்டி, ஆறு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த கடைசி மூலிகையை அவர் வாயில் பிழிந்தார். பகடை மறுபடியும் கை கொடுத்தது. கொல்லன் தனியாக அவளுக்கு எழுதினார்: "இவங்க தொல்லை தாங்கலைம்மா. நிஜத்துல இப்படி ஒரு வைத்தியன் கெடைச்சிருந்தா நான் எதுக்கு இங்க வந்து சாகக் கேக்கறேன்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாவது ஞாயிறு வாசலுக்கே வந்துவிட்டார்கள். அவர் எழுதும் வரிகள் இப்போது சுருங்கியிருந்தன. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்குவது தெரிந்தது. அவளுக்குத்தான் தெரிந்தது, மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? "நான் உள்ள போறேன்" என்று எழுதினார். திருடி தன் கடப்பாரையைக் கதவிடுக்கில் செருகி, அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டாள். பகடை இருபது.

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மேசையில் ஓங்கி ஒரு அறை அறைந்தாள். புருஷன் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தான்.

"என்ன, யாரு செத்தா?"

"யாரும் சாகலை! அதான் பிரச்சினை!"

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். பாவம், அவன் என்ன செய்வான்.

புதன்கிழமை மகள் ஒரு சேதி அனுப்பினாள். அப்பா சாப்பிடுவது நின்றுவிட்டது. தினமும் நர்ஸ் வீட்டுக்கு வந்து போகிறாள். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அவள் மெஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். யாருடைய கண்ணாடியோ பாதி தீட்டியபடி கிடந்தது. இன்னொரு ஞாயிறும் இந்த மூவரும் பாய்ந்து காப்பாற்றினால் அவ்வளவுதான், கதை முடிந்தது. இல்லை, முடியாது, அதுதானே கொடுமை. சத்தியம் என்ன பெரிய சத்தியம் என்று நினைத்துக்கொண்டாள். ஒருத்தியிடம் சொன்னால் போதும், வாசலில் அவரை இழுத்துப் போட்டவள் அவள்தான். திருடிக்கு எழுதினாள். வியாதி, ஆறு வாரம், சந்தையில் நிற்கக் கூடாது என்கிற ஆசை, எல்லாவற்றையும்.

"அடுத்த ஞாயிறு கதவை அவரே சாத்தட்டும். நீங்க கை வைக்காதீங்க. வேற யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. அவர் கேட்டுக்கிட்டது அது."

பதில் வர ஐந்து நிமிஷம் ஆனது. "ஐயோ, என்ன கதைக்காரி இது. நான் போய் அவர் சட்டையைப் பிடிச்சு இழுத்தேனே. சத்தியமா யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

அந்தம்மா கெட்டவள் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்குள் வேடனுக்குத் தெரிந்துவிட்டது. ஏழு மணிக்கு வைத்தியருக்கு. மூன்று பேரும் தனியாக ஒரு கூட்டம் போட்டார்கள். ஆறு வருஷம் கூட நடந்த மனுஷனை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் எப்படி அனுப்புவது? ஆளுக்கு ஒரு விடை சொல்லுவோம், அவர் மனசு குளிரக் குளிரச் சொல்லுவோம். கதைக்காரிக்குக்கூடச் சொல்ல வேண்டாம், அவளுக்கும் ஆச்சரியமாக இருக்கட்டும். இப்படி முடிவு செய்தார்கள். பாசம்தான். வேறு ஒன்றும் இல்லை. பாசத்துக்கு நேரம் காலம் தெரியாது என்பதுதான் சனியன்.

நாலாவது ஞாயிறு இரண்டு மணிக்கு எல்லாரும் இருந்தார்கள். கொல்லன் தனியாக அவளுக்கு ஒரே வார்த்தை அனுப்பினார்: "வந்துட்டேன்."

அவள் வாசலை எழுதினாள். கடப்பாரை வளைகிறது, கதவு பிளந்துகொண்டு வருகிறது, உள்ளே ஒருவர் போயாக வேண்டும். சுற்று ஆரம்பமானது. வேடன் முறை.

வேடன் வில்லைக் கீழே வைத்தார். "கொல்லரே, உங்களை முதன்முதலில் பார்த்த நாள் ஞாபகம் இருக்கிறதா?" என்று ஆரம்பித்தார். கதைக்காரிக்குச் சுரீர் என்றது. இவருக்கும் தெரிந்துவிட்டது! வேடன் முதல் பயணத்தைச் சொன்னார், ஓநாய்க் கூட்டத்தைச் சொன்னார், கொல்லன் அடித்துக் கொடுத்த அம்பு முனைகளைச் சொன்னார். அந்த ஆட்டத்தின் திரை பழைய காலத்துத் திரை. ஒரு தடவைக்கு நாலு வரிதான் வாங்கும். வேறு இடத்தில் எழுதி வைத்துக் கொண்டுவந்து ஒட்டினாலும் ஏற்காது, அங்கேயே கையால்தான் தட்ட வேண்டும். வேடன் முடிக்கும்போது மணி இரண்டு ஐம்பது.

அடுத்தது திருடி. வரிக்கு வரி அழுதாள். திருடிய சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொல்லன் காலடியில் வைத்தாள், ஒவ்வொன்றையும் எங்கே எப்போது எடுத்தது, அப்போது அவர் என்ன சொல்லித் திட்டினார் என்று சொல்லிச் சொல்லி வைத்தாள். "நிஜத்துல எனக்கு அண்ணன் கிடையாது" என்று ஒரு வரி எழுதினாள். அந்த இடத்தில் கதைக்காரிக்கும் கண் நிறைந்துவிட்டது. மணி மூன்று ஐம்பது ஆகியிருந்தது.

நடுவில் ஒருமுறை தனியாக ஒரு சேதி வந்தது. "என் முறை?"

"இதோ அண்ணா. வைத்தியர் மட்டும்தான் பாக்கி" என்று பதில் போட்டாள்.

வைத்தியர் ஆரம்பித்தார். எழுத்து ஒவ்வொன்றாகச் சொட்டியது. அவளால் ஒன்றும் செய்ய முடியாதா என்றால், முடியும். பயணத்தை நடத்துகிறவருக்கு ஒரே ஒரு அதிகாரம் உண்டு, அவசரத்துக்கு யாரையாவது வரிசை தாண்டி முன்னால் கூப்பிடலாம். ஒன்பது வருஷத்தில் அவள் ஒருமுறைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை, அதில் அவளுக்கு ஒரு பெருமை. இப்போது கை அந்தப் பக்கம் போனது. குறைந்தபட்சம் "அண்ணா, சுருக்கமா முடிங்க" என்று வைத்தியருக்குத் தனியாகவாவது சொல்லலாம் என்று எழுதினாள். பிறகு அழித்துவிட்டாள். அந்த ஒற்றை விரல் மனுஷன் எவ்வளவு பாடுபட்டு எழுதுகிறார், நடுவில் எப்படி வெட்டுவது? அது மட்டும் இல்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இதுவரை தான் நடத்தியதிலேயே இதுதான் நல்ல ஆட்டம் என்று அவளுக்குத் தோன்றியது. எல்லாரும் அழுகிறார்கள், ஒரு வரிகூட வீண் இல்லை, கடைசியில் கொல்லன் வந்து கதவைச் சாத்தப் போகிறார். எவ்வளவு அழகாக அமைந்துவிட்டது என்று நினைத்தாள். அந்த நினைப்பை நினைத்து அவள் பிறகு எத்தனையோ தடவை தன்னையே காறித் துப்பிக்கொண்டாள்.

வைத்தியர் முடிக்கும்போது மணி ஐந்து ஐந்து. கடைசியாக, "பெரியவரே, உங்களுக்கு மருந்து கண்டுபிடிக்க முடியாமப் போச்சு, மன்னிச்சுக்குங்க" என்று எழுதியிருந்தார்.

"கொல்லனின் முறை" என்றது திரை.

எல்லாரும் காத்திருந்தார்கள். ஐந்தே காலானது. ஐந்தரையானது. யாரும் குறுக்கே பேசவில்லை, சட்டம் அப்படி. தனியாக அவள் மூன்று சேதி அனுப்பினாள், எதற்கும் பதில் இல்லை. ஆறு மணிக்குத் திருடி மட்டும் பொறுக்க முடியாமல், "அழுதுட்டிருக்கார் போல. விடுங்க, நிதானமா எழுதட்டும்" என்றாள். ஏழு மணிக்கு ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குப் பின்னறையில் அவள் போன் அடித்தது. கொல்லனின் மகள். இதுவரை பேசியதில்லை. குரல் கட்டிப்போயிருந்தது.

"அக்கா, அப்பா விடிகாலையில போயிட்டார்."

அவள் மெஷினை நிறுத்தினாள். "நேத்து... நேத்து அவர் இருந்தாரே, வந்துட்டேன்னு எழுதினாரே."

"இருந்தார்க்கா. ஊசி போட்டுக்க மாட்டேன்னுட்டார். வலிக்கு ரெண்டு மணிக்கு ஒரு ஊசி உண்டு. அது போட்டா அரை மணியில நெனவு தப்பிடும். 'என் முறை வரட்டும், எழுதிட்டுப் போட்டுக்கறேன், தலை தெளிவா இருக்கணும்'னு சொன்னார். நர்ஸ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாங்க. முதுகுக்குத் தலகாணி குடுத்து உட்காரவச்சேன். கம்ப்யூட்டரைத் தொடை மேல வச்சுக்கிட்டார்."

கதைக்காரி போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"ஒவ்வொருத்தர் எழுதறதையும் நான்தான் படிச்சுக் காட்டினேன். ஆனா எதுவும் அவர் காதுல விழலைக்கா. பல்லைக் கடிச்சுக்கிட்டு, என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'என் முறையா, என் முறையா'ன்னு மட்டும் கேட்டுட்டே இருந்தார். உங்ககிட்டகூடக் கேட்டு எழுதினேன். ஒருத்தர்தான் பாக்கின்னு சொன்னீங்க, அப்பாகிட்ட சொன்னேன். தலையை ஆட்டினார். அஞ்சு மணி ஆக ரெண்டு நிமிஷம் இருக்கும்போது கத்திட்டார்க்கா. எங்கப்பா கத்தி நான் கேட்டதே இல்ல. என்னால தாங்க முடியலை. 'போட்டுடுங்க'ன்னு நான்தான் நர்ஸ்கிட்ட சொன்னேன்."

முன்கடையில் யாரோ கண்ணாடி போட்டுப் பார்த்துச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அதுக்கப்புறம் கண்ணே திறக்கலை" என்றாள் மகள். பிறகு, "அக்கா, ஒண்ணு கேக்கணும். அந்தக் கடைசி வரியைப் பத்து நாளா மனசுக்குள்ள எழுதிட்டிருந்தார். என்னப்பான்னு கேட்டா, 'ஞாயித்துக்கிழமை பார்த்துக்கோ'ன்னு சொல்லிட்டார். உங்ககிட்ட சொன்னாரா? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றாள் கதைக்காரி. "எனக்குத் தெரியாது."

"சரிக்கா" என்றாள் அந்தப் பெண். வைத்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைகூடக் கழுவாமல் கம்ப்யூட்டரைத் திறந்தாள். மூன்று பேரும் இருந்தார்கள். திருடி கேட்டிருந்தாள்: "கதைக்காரி, அண்ணன் எப்படி இருக்கார்? நாங்க எழுதினதைப் படிச்சாரா? பிடிச்சிருந்ததாமா?"

புருஷன் பின்னால் வந்து நின்றான். கடையிலிருந்தே அவனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். திரையைப் பார்த்தான். இந்தத் தடவை அவன் குரலில் நக்கல் இல்லை.

"படிச்சார், சந்தோஷமாப் போய்ச் சேர்ந்தார்னு போட்டுடு. உள்ளதைச் சொல்லித் தொலைக்காதே. அவங்க தாங்க மாட்டாங்க."

"நான் மட்டும் தாங்கணுமா?" என்றாள்.

எழுதினாள். நாலு நாலு வரியாக எழுதினாள். ஊசியை எழுதினாள். அந்த மூன்று மணி நேரத்தை எழுதினாள். அவர் காதில் எதுவும் விழவில்லை என்பதையும், கடைசி வரி என்னவென்று யாருக்குமே தெரியாது என்பதையும் எழுதினாள். தன்னையும் விட்டுவைக்கவில்லை. சத்தியத்தை மீறியது நான்தான், வரிசை தாண்டிக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை, ஆட்டம் நன்றாக வருகிறதே என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று எழுதினாள்.

வேடன் வெளியே போய்விட்டார். திருடி என்னவோ எழுத ஆரம்பித்து, நிறுத்தி, அவளும் போய்விட்டாள். வைத்தியர் மட்டும் இருந்தார். அவருடைய எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழ ஆரம்பித்தன. அவள் காத்திருந்தாள். அந்த ஒரு வரி முடிய நாலு நிமிஷம் ஆயிற்று.

"நான் ஒத்த விரல்ல அடிக்கறவன்னு உனக்குத் தெரியும்ல, எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."